புளி போட்டுத் தேய்க்காதீங்க!

"வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் காசு இருக்கா? பத்து லட்சம்!" இந்த மாதிரி ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் வராத ஆள் ஆலங்காயத்தில் இருக்க முடியாது. வாணியம்பாடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனிலும் அதுதான் ஓடும். ஆர்வத்தில் அந்த நம்பருக்குப் போன் போட்டால், "முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்க, அப்புறம் வரி கட்டுங்க" என்பார்கள். கட்டியதோடு சரி. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே இந்த வேலை நடந்ததால், 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையை நாங்கள் செய்வதில்லை, எங்கள் பெயரில் கமிஷன் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று.

இதைவிடப் பெரிய கூத்து 'ரைஸ் புல்லிங்'. அரிசியை இழுக்கும் கலசம், அரிசியை இழுக்கும் காசு என்று சொல்லி லட்சக்கணக்கில் கறந்துவிடுகிறார்கள். அதற்குக் காட்டப்படும் காசு பெரும்பாலும் ஒரே ரகம்தான். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், இன்னொரு பக்கம் 'கிழக்கிந்தியக் கம்பெனி, ஓரணா, 1818'. கம்பெனி சென்னையில் அடித்த தங்க வராகனில் பெருமாள் உருவம் இருந்தது உண்மைதான். ஆனால் இந்தப் பட்டாபிஷேக ஓரணா எந்த நாணயச்சாலையிலும் அடிக்கப்பட்டதே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து விற்ற வில்லை.

இதற்கெல்லாம் போலீஸ் வேண்டும், விழிப்புணர்வு வேண்டும் என்று சொல்வது வழக்கம். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒரு காசைக் கையில் எடுத்து ஐந்து நிமிஷம் ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவனை இந்தக் கூட்டம் ஏமாற்றுவது கஷ்டம். அந்தப் பார்வையைக் கற்றுக்கொடுக்கிற பொழுதுபோக்கைத்தான் 'வெட்டி வேலை' என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு 'டை' என்றால் விளக்கவே வேண்டாம். தோலின் மேல் வைத்து அழுத்தினால் ஒரே அளவில் துண்டு விழும். காசு அடிப்பதற்கும் டைதான். எஃகு அச்சு இரண்டு, நடுவில் உலோக வில்லை, ஒரே அடி. ஆனால் அந்தக் காலத்தில் அச்சில் ஆண்டு எண்ணையும் சில நுணுக்கங்களையும் கையால்தான் குத்தினார்கள். ஓர் அச்சு தேய்ந்ததும் அடுத்த அச்சு வரும். அதில் எண் கொஞ்சம் தள்ளி நிற்கும், ஓர் இலை கூடும், ஒரு காய் குறையும். அச்சில் விரிசல் விழுந்தால் அதிலிருந்து வரும் காசில் எல்லாம் மெல்லிய கோடு ஒன்று புடைத்து நிற்கும். ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, ஆனால் வேறு அச்சு. இதைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டே.

இங்கிலாந்தில் இதற்காகவே பைத்தியமாய் அலைகிற ஒரு கூட்டம் உண்டு. 1971 பிப்ரவரி 15-ல் தசம முறைக்கு மாறும் வரை, விக்டோரியா ராணி காலத்துப் பென்னி கூட அங்கே சில்லறையில் புழங்கியது. பள்ளிக்கூடப் பையன்கள் சில்லறையைக் கொட்டி 1933 பென்னி தேடினார்கள். (மொத்தம் ஏழு போல்தான் இருக்கிறது, எப்படிக் கிடைக்கும்!) மைக்கேல் ஃப்ரீமன் என்பவர் இந்த வெண்கலக் காசுகளின் அச்சு வேறுபாடுகளுக்கு எல்லாம் எண் போட்டு, எது எவ்வளவு அரிது என்று அட்டவணையே தயாரித்துவிட்டார். ஒரு பென்னிக்கு இத்தனை மரியாதை.

நம்ம ஊர் பீரோவில் கிடக்கும் காசுகள் அதற்குக் கொஞ்சமும் இளைத்தவை அல்ல. 1840 என்று போட்ட விக்டோரியா ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் இலை வளையத்தில் குட்டிக் குட்டிக் காய்கள் இருக்கும். எண்ணினால் ஒன்றில் 28 வரும், இன்னொன்றில் 35 வரும். 1862 ரூபாய் இன்னும் வேடிக்கை. அந்த ஆண்டோடு வந்த ரூபாயை அதற்குப் பிறகும் பல வருஷம் 1862 என்றே அடித்துக்கொண்டிருந்தார்கள். 1874-ல்தான் அடுத்த ஆண்டு எண் வந்தது. நடுவில் எந்த வருஷம் எது அடிக்கப்பட்டது என்று தெரிய, பம்பாய் நாணயச்சாலை சின்னச் சின்னப் புள்ளிகளை வைத்தது. அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடுகிற அளவு புள்ளிதான். அதில் இருப்பது பத்து வருஷத்துக் கணக்கு. நம்ம பாட்டிகள் அரைஞாண் கயிற்றில் கோத்த ஓட்டைக் காலணாவில் கூட (1943 முதல் 1947 வரை, யுத்த காலத்தில் உலோகம் மிச்சம் பிடிக்க ஓட்டை போட்டது) கிரீடத்தின் வடிவமும் எண்ணின் அளவும் மாறும்.

பெரிய நிபுணர்களுக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும் என்று நினைக்க வேண்டாம். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வந்தது. மன்னரின் உடையில் குண்டுமணியைவிடச் சின்னதாக ஒரு யானை. தும்பிக்கை குட்டையாகப் போனதால் பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்தது. கடைத்தெருவில் காசை வாங்கிப் பார்த்த சாதாரண ஜனங்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். முஸ்லிம்கள் ஆட்சேபித்தார்கள். அடித்தது சுமார் 94 லட்சம், வெளியே போனது 7 லட்சம்தான் என்பது கணக்கு. மிச்சத்தை உருக்கிவிட்டு, 1912-ல் தும்பிக்கையை நீட்டி அடித்தார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் அச்சையே மாற்ற வைத்தது வெறுங்கண் பார்வை.

பழசு என்றால் விலை என்ற எண்ணமும் இப்படிப் பார்க்கப் பார்க்கத்தான் போகும். பி.காம் முதல் வருஷத்திலேயே தேவையும் அளிப்பும் படித்துவிட்டு, காசு விஷயத்தில் மட்டும் வயசை வைத்து விலை சொல்கிறவர்கள் நிறைய. சென்னை மாகாணத்துக்காக 1808-ல் பர்மிங்காமில் அடித்த பத்து காசு, இருபது காசு செப்பு நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் கிளம்பியது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனது. 1980-களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் அள்ளி எடுத்தார்கள். இருநூறு வருஷம் பழசு, ஆனால் எக்கச்சக்கம் இருக்கிறது, அதனால் விலையும் கம்மி. இந்தப் பக்கம் 1939 வெள்ளி ரூபாய்க்கு நூறு வயசு கூட ஆகவில்லை, ஆனால் அபூர்வம். அதனால்தான் சுலபமாய்க் கிடைக்கும் 1938 ரூபாயில் 8-ஐச் செதுக்கி 9 ஆக்கி விற்கிறார்கள். எடை போட்டால் சரியாக 11.66 கிராம் இருக்கும், வெள்ளியும் அசல்தான். தராசு காட்டிக்கொடுக்காது. லென்ஸ்தான் காட்டிக்கொடுக்கும்.

சரி, இதனால் ஊருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பார்கள். ஆலங்காயத்தில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கலாமா? பக்கத்தில் மலை மேலே காவலூரில் 1988 பிப்ரவரியில் ராஜமோகன் குழுவினர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்களே, அதுவும் இதே வேலைதான். வானத்தின் ஒரே இடத்தை வேறு வேறு நேரத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே நகர்ந்த ஒரு புள்ளியைப் பிடிப்பது. அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். காசிலேயே உதாரணம் வேண்டுமென்றால், 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியைச் சொல்லலாம். 1980-களில் தேய்ந்துபோன ஒரு செப்புக்காசில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரைப் படித்தார். சங்க காலப் பாண்டியர்கள் தங்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பதற்கு அது சாட்சி ஆனது. அது பாத்திரக்கடைத் தராசுக்குப் போயிருந்தால் இன்றைக்கு ஏதோ ஒரு குத்துவிளக்கின் அடிப்பாகமாக இருந்திருக்கும்.

ஆடிக்கு, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது நடக்கும் அநியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். சாமி அலமாரியில் இருக்கும் செப்புக்காசை எல்லாம் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். புளியின் அமிலம் அழுக்கை மட்டுமா எடுக்கிறது? மேல்பூச்சோடு எண்ணின் ஓரம், புள்ளி, விரிசல் கோடு எல்லாமே மழுங்கிப்போகும். சேகரிப்பவர்கள் தேய்த்த காசைத் தொடக்கூட மாட்டார்கள். தூசு இருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். அப்புறம் ஐம்பது ரூபாய் லென்ஸ் ஒன்று வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் காசைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பழைய காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சட்டைப்பையில் இருக்கும் ரூபாயில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றும் இல்லை என்றால் கொல்கத்தா.