காத்திருப்பவனும் வீரனே

இவ்வாரம் ஒரு சண்டை வீடியோ கேம் போட்டியின் ஒளிபரப்பில், எட்டவே நின்று எதிராளியின் பிழைக்காகப் பொறுமையோடு காத்திருந்த ஆட்டக்காரரை வர்ணனையாளர் கோழை என்று இகழ்ந்ததைக் கேட்டு என் மனம் கொதித்தது. தற்காப்பைப் பழிப்போரிடம் எனக்குள்ள பழைய பிணக்கை இப்பத்தியின் வாசகர்கள் நன்கறிவார்கள்.

அந்த ஆட்டத்தின் உபாயங்களை ஆராயவே உட்கார்ந்தேன். நினைவோ 2004-இல் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ என்னும் சண்டை வீடியோ கேம் போட்டிக்குப் போய்விட்டது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்' ஆட்டத்தில், சுன்-லி பாத்திரத்தை ஆடிய அமெரிக்கர் ஜஸ்டின் வாங், கென் பாத்திரத்தை ஆடிய ஜப்பானியர் டைகோ உமேஹராவின் உயிர்க்கோடு மயிரிழையாகத் தேயும்வரை சற்றும் அவசரப்படவில்லை. சுன்-லியின் சூப்பர் தாக்குதலைத் தடுத்தாலும் சிறிது உயிர் குறையும் என்பதால், ஒவ்வோர் உதையும் வந்து படும் கணத்தில் பின்வாங்காமல் எதிரியை நோக்கியே விசையைத் தள்ளும் 'பேரி' ஒன்றே டைகோவுக்கு மார்க்கம். 15 உதைகளையும் அவ்வாறே தட்டிவிட்டு, திருப்பியடித்து அச்சுற்றை அவர் வென்றார்.

இதனைக் கைவேகத்தின் அற்புதம் என்கிறார்கள். முதல் உதையோ கண்டபின் கையசைக்க அவகாசம் தராதது; வாங் எந்தக் கணத்தில் பாய்வார் என்பதை முன்னரே ஊகித்து, அந்தக் கணத்துக்காக டைகோவும் காத்திருந்தார் என்பதே என் சித்தாந்தம்.

டைகோ 2012-இல் வெளியிட்ட நூலை நான் மீண்டும் மீண்டும் வாசிப்பதற்கும் இந்தக் காத்திருப்பே காரணம். ஒருமுறை வெல்வதும் தொடர்ந்து வெல்வதும் வேறு வேறு என்பது அதன் சாரம். 2004 போட்டியின் இறுதியாட்டத்தில் அவர் கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பின்னர் போட்டிகளைத் துறந்து, மாஜாங் ஆட்டத்தில் சில காலம் ஈடுபட்டு, அதையும் விட்டு, முதியோரைப் பராமரிக்கும் பணியில் அமர்ந்த டைகோ, புகழோ பார்வையாளரோ இல்லாத அந்நாட்களைக் கடந்து, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' வந்தபோது மீண்டும் களம் புகுந்தார். 2009 ஈவோவில் பட்டம் வென்றார். அந்த இறுதியாட்டத்தில் எதிரே அமர்ந்திருந்தவர் அதே ஜஸ்டின் வாங்.

ஒருவர் ஆண்டுக்கணக்கில் களத்துக்கு வெளியே காத்திருந்தார். மற்றவர் களத்துக்குள் கணக்கிட்டுக் காத்திருந்தார். இருவரில் எவரையும் கோழை என்பது அநீதி. வர்ணனையாளர்களே, ஆட்டக்காரர் அசையாது நிற்கும்போது அவரை ஏசாதீர்கள். எதற்காக நிற்கிறார் என்பதை எங்களுக்கு விளக்குங்கள்.