நிலாவரையில் ஒரு பாடசாலை

யாழ்ப்பாணத்திற்கு விருந்தினராக வருவோரை நாம் தவறாது அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்று புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரை. வற்றாத கேணி, அடி காணமுடியாத கேணி என்கின்றோம். வானரப் படையின் தாகந் தீர்க்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்னுங் கதையையுஞ் சொல்லுகின்றோம். வந்தவரும் வியந்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகின்றது.

அக்கதை இருக்கட்டும், அதனை இழக்க நாம் விரும்பவில்லை. ஆயின், கேணி தானே கூறுங் கதையும் வியப்பிற் குறைந்ததன்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகின்றது. அது நெடுங்காலம் ஊறிச் சுண்ணக்கல்லை அரித்துக் குகையாக்குகின்றது. கூரை இடிந்து வீழக் குழி வெளிப்படுகின்றது. அக்குழியில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். பாரங்குறைந்த நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே 1 அடி குறையின், கீழிருந்து உவர்நீர் நாளடைவில் 40 அடி ஏறிவிடும்.

வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டிற்கு இதனினும் வேண்டிய பாடம் யாது? இதனைக் கற்கவேண்டியோர் சிறுவர் மாத்திரமல்லர். நாள்முழுதும் இயந்திரத்தால் நீரிறைப்போர், உரத்தை அளவின்றி இடுவோர், கிணற்றருகே மலக்குழி அமைப்போர் ஆகிய யாவரும் பாடசாலையை விட்டுப் பல்லாண்டு கழிந்தவரே. அவருடைய செயலால் நிலத்தடி நீரிற் கலக்கும் நைத்திரேற்று கைக்குழந்தைகளுக்குத் தீங்கு செய்வது.

ஆகவே நிலாவரையை முதியோருங் கற்கும் பாடசாலையாக நடத்துதல் வேண்டும். பெருஞ்செலவு வேண்டுவதில்லை. நிழலிற் சில வாங்குகள். நிலத்தின் உள்ளமைப்பைக் காட்டும் படமொன்று. வெவ்வேறு ஆழத்து நீர் நிரப்பிய கண்ணாடிப் போத்தல்கள். விளக்கஞ் சொல்ல ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மாதத்தில் ஒரு ஞாயிறன்று கமக்காரர் தத்தங் கிணற்றுநீரைக் கொணர்ந்து, உவரும் நைத்திரேற்றும் எவ்வளவென்று சோதித்தறிந்து செல்லலாம். உல்லாசப் பயணிகளிடம் பெறுஞ் சிறு கட்டணம் இதற்கு உதவும். அவர்களும் வெறும் படத்தோடு திரும்பாது, ஓர் அறிவோடு திரும்புவர்.

அடியில்லாத கேணி என்று சொல்லிச் சொல்லியே, நமது நீருக்கும் முடிவில்லை என்று நம்பிவிட்டோம். அந்நம்பிக்கையைத் திருத்துவதே அங்கு முதற் பாடமாகுக.