இயலளவு யாருக்கு இல்லை?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். கோபம் வருகிறவர்கள் முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது ஒரு அரச சார்பற்ற நிறுவனத்தில் திட்ட உத்தியோகத்தர். கையில் ஒரு அழைப்பிதழ்: "ஆட்கடத்தலைத் தடுப்பதற்கான சமூகமட்ட இயலளவு விருத்திச் செயலமர்வு". ஒரு நாள், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை, ஒரு ஹோட்டல் மண்டபத்தில். "சேர், நீங்கள் வந்து ஒரு பத்து நிமிசம் பேசுங்கோ" என்றான்.

நல்ல பிள்ளை. அவனில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவன் போன பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு பழைய பைலைத் தேடி எடுத்தேன். அதற்குள் எனக்குத் தந்த சான்றிதழ் ஒன்று இருக்கிறது. சிறுவர் உரிமைப் பயிற்சி, 2003.

அந்தக் காலத்தை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சமாதான காலம். 2003 ஜூனில் அரசும் விடுதலைப் புலிகளும் யுனிசெப்பும் சேர்ந்து, யுத்தத்தால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான செயற்திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். படையில் சேர்த்த பிள்ளைகளை விடுவிப்பது, சேர்ப்பதை நிறுத்துவது, தொழிற்பயிற்சி, விழிப்புணர்வு எல்லாம் அதில் இருந்தன. கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையமும் திறந்தார்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி தந்தார்கள். பைல், பேனை, மதியச் சாப்பாட்டுப் பார்சல். சான்றிதழும்தான்.

நான் அப்போது படுவான்கரையில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பயிற்சி முடிந்து இரண்டு கிழமையிருக்கும். பத்தாம் வகுப்பு இடாப்பில் ஒரு பொடியனின் பெயருக்கு நேரே மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை. சைக்கிளில் அவன் வீட்டுக்குப் போனேன். தாய் குந்தில் இருந்தா. ஆயுதத்தோடு வந்தவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் படித்ததைச் சொன்னேன். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்க முடியாது, நீங்கள் முறைப்பாடு செய்யலாம் என்றேன்.

அந்த மனிசி என்னைப் பார்த்துச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "சேர், எனக்குச் சட்டம் நீங்க சொல்லித் தாறீங்க. வந்தவனுக்கு ஆரு சொல்லிக் குடுக்கிற?"

இதுதான் என் கேள்வியும். இயலளவு யாருக்கு இல்லை என்று நினைத்து இத்தனை செயலமர்வு நடத்துகிறீர்கள்? தன் பிள்ளையைக் கொடுக்கக்கூடாது என்று அந்தத் தாய்க்குத் தெரியாதா? பிள்ளையைக் காட்டுக்குள் ஒளித்து வைத்த தாய்மார் எத்தனை பேர். பதினாறு வயதில் அவசரமாகக் கலியாணம் முடித்து வைத்தவர்கள் எத்தனை பேர். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. அவர்கள் பக்கம் நிற்க அதிகாரமுள்ள ஒருவர் இல்லை. அதுதான் குறை. அதைப் பயிற்சியால் நிரப்ப முடியாது.

2003 முதல் 2008 முடியும்வரை புலிகள் சேர்த்த சிறுவர்கள் என்று யுனிசெப் பதிவு செய்தது 6,000 பேருக்கு மேல். செயற்திட்டத்தை ஒப்புக்கொண்ட பிறகும் அது நிற்கவில்லை. கிழக்கில் 2004இல் பிரிந்துபோன கருணா தரப்பும் சிறுவர்களைச் சேர்த்தது என்று ஐ.நா. பட்டியலிட்டது. அந்தத் தரப்பின் தலைவர் 2008இல் நாடாளுமன்றம் போனார், 2009இல் அமைச்சரானார். இதையும் எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இதை விடப் பெரிய பாடத்தை எந்த வளவாளர் எடுக்க முடியும்?

சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தை எடுத்துப் பாருங்கள். சிறுவரை ஆயுத மோதலுக்குச் சேர்ப்பது குற்றம், 30 ஆண்டுவரை சிறை. ஆட்கடத்தலும் அதே திருத்தத்தில் குற்றமாக்கப்பட்டது. சர்வதேச தொழில் அமைப்பின் 182ஆம் இலக்க உடன்படிக்கையும் இரண்டையும் ஒரே உறுப்புரையில்தான் வைத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு இரண்டும் ஒரே குடும்பம் என்று விளங்கியிருக்கிறது. ஆனால் பிள்ளையைப் படைக்குச் சேர்த்ததற்காக அந்தப் பிரிவில் ஒருவர் தண்டிக்கப்பட்டதாக நான் இன்றுவரை கேள்விப்படவில்லை.

"அது யுத்த காலம் சேர், இப்போது ஆட்கடத்தல் வேறு விடயம்" என்று மாணவன் சொன்னான். வேறா?

மூதூர் ரிசானா நபீக்கை நினைத்துப் பாருங்கள். 1988இல் பிறந்த பிள்ளை. 1982இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு எடுத்து, 2005இல் 17 வயதில் சவூதிக்கு வீட்டுவேலைக்கு அனுப்பினார்கள். போய்ச் சில நாட்களில் கைக்குழந்தை ஒன்று அவளுடைய பொறுப்பில் இருந்தபோது இறந்தது. கொலைக்குற்றம் சுமத்தி 2013 ஜனவரி 9ஆம் திகதி தலையை வெட்டினார்கள். அந்தப் பிள்ளைக்கு எந்த இயலளவு குறைவாக இருந்தது? வயதை மாற்றி எழுதியவன் ஒருவன், அதைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தவர்கள் சிலர், வறுமை. பயிற்சி தேவைப்பட்டிருந்தால் அது அவளுக்கா?

இப்போதும் அதே கதைதான், நாடுகள்தான் வேறு. கணினி வேலை என்று தாய்லாந்துக்குக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைத்தார்கள். ஐரோப்பாவுக்கு என்று புறப்பட்ட எங்கள் வடக்குப் பிள்ளைகளை ரஷ்யப் படையில் சேர்த்துவிட்டார்கள் என்று குடும்பங்கள் அழுதுகொண்டு முறையிட்டன. அங்கே ஆட்கடத்தலும் ஆட்சேர்ப்பும் ஒன்றாகிவிட்டது. அன்றைக்கு ஆயுதத்தோடு வந்தவன் இன்றைக்கு விசாவோடு வருகிறான்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறைப்பாடு சொல்ல வரும் பெண்ணை "ஏன் போனாய்?" என்று அதட்டாமல் விசாரிக்கப் பொலிஸ்காரருக்குப் பயிற்சி தேவை. போலி வயதைக் கண்டுபிடிக்கக் குடிவரவு அதிகாரிக்குப் பயிற்சி தேவை. அதிகாரம் உள்ளவருக்குப் பயிற்சி கொடுங்கள். அதிகாரமே இல்லாதவரை மண்டபத்தில் இருத்தி வெள்ளைத் தாளில் படம் கீற வைத்துவிட்டு, சமூகத்தைப் பலப்படுத்திவிட்டோம் என்று அறிக்கை எழுதாதீர்கள்.

அரசாங்கம் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்தபோது புலிகளிடமிருந்து வந்தவர்களில் 594 பேர் சிறுவர்கள் என்று பதிவானது. அவர்களைக் குற்றவாளிகளாக வைக்காமல் புனர்வாழ்வுக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு பகுதியினரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் இருத்திப் படிப்பித்தார்கள், பரீட்சை எழுத வைத்தார்கள். அரசோடு எனக்கு ஆயிரம் கணக்கு இருக்கிறது. ஆனாலும் இது சரியான வேலை. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கரும்பலகையும் ஆசிரியரும் பரீட்சையும். ஒரு நாள் செயலமர்வு அல்ல.

அந்தக் காசில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பத்து நிமிடம் தந்தால் இதைத்தான் பேசுவேன்.

ஒன்று. கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்புங்கள். கணிதத்துக்கு ஆள் இல்லாத வகுப்பில் பத்தாம் ஆண்டுப் பொடியன் ஏன் இருக்க வேண்டும்? அவன் வெளியே வரும் இடத்தில்தான் தரகன் நிற்கிறான்.

இரண்டு. 1998 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி. 2016இல் அதை 16 ஆக்கினார்கள். நல்லது. ஆனால் மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது? நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவருக்கு எத்தனை கிராமம்? அவருக்கு மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் கொடுங்கள். ஹோட்டல் சாப்பாட்டுச் செலவில் எத்தனை மாதத்துக்குப் பெற்றோல் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் கணித ஆசிரியர், உதவி செய்கிறேன்.

மூன்று. திரும்பி வந்த பிள்ளைக்கு மூன்று மாதத் தையல் பயிற்சியும் ஒரு மெசினும் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த ஊரில் ஏற்கெனவே எட்டு மெசின் இருக்கிறது. தைக்கக் கொடுக்க ஆள் இல்லை. அப்படி மெசின் வாங்கிய பிள்ளை ஒருத்தி அதை அடகு வைத்துத்தான் முகவருக்குக் காசு கட்டினாள். அவளும் என்னிடம் படித்தவள்தான்.

நான்கு. ஒரு முகவனை, ஒரே ஒரு பெரிய முகவனை, வழக்குப் போட்டுக் கடைசிவரை கொண்டுபோய்ச் சிறையில் போடுங்கள். நூறு செயலமர்வு செய்யாத வேலையை அது செய்யும்.

2003இல் என்னைப் பயிற்றுவித்த வளவாளர் கடைசியில் ஒரு தாளைத் தந்து கேட்டார், "இந்தப் பயிற்சி உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?" நான் "ஆம்" என்று புள்ளடி போட்டேன். எல்லோரும் அப்படித்தான் போட்டோம். மதியச் சாப்பாடு போட்டவர்களுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்தப் புள்ளடிகளைக் கூட்டித்தான் மேலே அறிக்கை போயிருக்கும், வெற்றி என்று.

அந்தப் பொடியன் திரும்பி வரவில்லை. தாய் இன்னமும் அதே வளவில்தான் இருக்கிறா. போன வருடம் போனபோது என்னை அடையாளம் கண்டு தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

செயலமர்வுக்குப் போவேன் தம்பி. நீ கோபிக்கக்கூடாது. ஆனால் கடைசியில் அந்தத் தாளை என்னிடம் நீட்டினால், இம்முறை "இல்லை" என்றுதான் புள்ளடி போடுவேன். என்னோடு படிப்பித்த ஆசிரியர்கள் இதை வாசித்தால், நீங்களும் அன்றைக்கு என்ன போட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள்.