தீர்ப்பில்லாத சிறைவாசம்

சிறைகளில் இடம் போதவில்லை, ஆகையால் புதிய சிறைகளைக் கட்ட வேண்டும் என்று ராஜ்ய சர்க்கார்கள் அடிக்கடி சொல்லி வருகின்றன. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது நியாயமாகவே தோன்றும். 2022-ஆம் வருஷ முடிவில் நமது நாட்டுச் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம் இருந்தது. அடைபட்டிருந்தவர்களோ 5,73,220 பேர். நூறு பேர் படுக்க வேண்டிய கொட்டடிகளில் 131 பேர் படுத்திருந்தார்கள். சில ராஜ்யங்களில் நிலைமை இதைவிட மோசம்.

ஆனால் அந்தக் கணக்கை இன்னும் ஒரு வரி கீழே படித்தால் விஷயம் வேறாகிவிடுகிறது. குற்றவாளிகள் என்று கோர்ட்டு தீர்மானித்துத் தண்டனை அநுபவித்தவர்கள் சுமார் 1,33,000 பேரே. விசாரணை முடியாமல் காத்துக் கிடந்தவர்கள் 4,34,302 பேர். தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லாதிருந்தாலும், விசாரணைக் கைதிகளே நமது சிறைகளை ஏறக்குறைய முழுவதும் நிரப்பியிருப்பார்கள். தண்டனை பெற்றவர்கள் மட்டுமே உள்ளே இருந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு இடம் காலியாகக் கிடந்திருக்கும். ஆகவே சுவர்களின் குறைவால் வந்த நெருக்கடி அல்ல இது. 2022 நவம்பர் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நடந்த அரசியல் சட்ட தின வைபவத்தில், நாடு முன்னேறும்போது சிறைகள் ஏன் பெருக வேண்டும் என்று குடியரசுத் தலைவர் முர்மு கேட்டது இதை எண்ணித்தான்.

இவ்வளவு பேரும் கொலைபாதகர்கள் அல்லர். இவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். ஜாமீன் சட்டத்தில் உண்டு. வாங்குவதற்கு வழிதான் இல்லை. சொத்துள்ள ஜாமீன்தார் இருவரைக் கொண்டுவா என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுகிறார். கூலி வேலை செய்து பிழைப்பவனை நம்பிச் சொத்தை ஈடுகாட்ட எவர் வருவார்? வருகிறவரும் சொத்து மதிப்புச் சான்றுக்காகத் தாலுகா கச்சேரியில் எத்தனை நாள் நிற்பார்? 1978-ல் ஒரு கொத்தனாரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அவரை ஜாமீனில் விட மேல் கோர்ட்டு உத்தரவிட்ட பிறகும், கீழ்க் கோர்ட்டார் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டனர். சகோதரர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளிவிட்டனர். நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்து, கொத்தனாரின் சொந்தப் பொறுப்பில் 1,000 ரூபாய்ப் பத்திரத்தின்மேல் விடுவித்தார். அடுத்த வருஷமே பீஹார் சிறைகளின் கதை வெளிவந்தது: குற்றம் ருசுவானால்கூட அடையக்கூடிய அதிகபட்சத் தண்டனைக் காலத்துக்கு மேலாகச் சிலர் விசாரணையே இன்றி அடைபட்டிருந்தனர். விரைவான விசாரணை ஒவ்வொருவரின் உரிமை என்று நீதிபதி பகவதி அப்போது தீர்ப்பளித்தார். நாற்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன.

வ. உ. சிதம்பரம் பிள்ளை கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததை நாம் மறக்கவில்லை. அன்னிய சர்க்கார் அவருக்கு விதித்தது கொடுந்தண்டனை. எனினும் அவர்கள் விசாரணை என்று ஒன்றை நடத்தி, தண்டனையைச் சொல்லிவிட்டுத்தான் செக்கில் பூட்டினார்கள். இன்றைய விசாரணைக் கைதிக்கு, எந்த நாளில் வெளியே வருவோம் என்று எண்ணிக்கொள்ளக்கூட ஒரு தேதி இல்லை. மனைவி மக்கள் பட்டினி கிடக்கிறார்கள். பார்த்த வேலை போய்விடுகிறது. பின்னர் நிரபராதி என்று தீர்ப்பானால் அந்த வருஷங்களைத் திருப்பிக் கொடுப்பார் யாரும் இல்லை.

பார்லிமெண்டு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். அதிகபட்சத் தண்டனையில் பாதிக்காலம் அடைபட்டவரை விடுவிக்க வேண்டும் என்று 2005-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு, முதன்முறை குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும் என்கிறது. உரிய காலம் முடிந்ததும் ஜெயில் சூப்பரிண்டெண்டே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்றும் விதிக்கிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டு அதே வருஷம் ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஆனால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொண்டது போல, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருப்பவருக்கு இச்சலுகை இல்லை என்று அதே பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். சில்லறைத் திருட்டில் அகப்பட்ட ஏழையின் தலையில் இரண்டு மூன்று வழக்குகளைச் சுமத்துவது போலீஸாருக்குப் பெரிய காரியமா? இந்த விலக்கை நீக்காதவரை 479-வது பிரிவு ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

பணமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏழை விசாரணைக் கைதி ஒருவருக்கு ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை உதவ மத்திய சர்க்கார் 2023-ல் ஒரு திட்டம் வகுத்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் கேட்கத் தகாத ஜாமீனைக் கோர்ட்டு கேட்பதும், சர்க்கார் தன் கஜானாவிலிருந்து அதைக் கட்டுவதும் சுற்றுவழி. சொந்தப் பொறுப்பில் விடுவித்தால் இந்தச் செலவே வேண்டியதில்லை.

கட்டவிழ்த்துவிட்டால் ஓடிவிடுவார்கள் என்பர் சிலர். பலாத்காரக் குற்றங்களிலும், சாட்சிகளை மிரட்டக்கூடியவர்கள் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஓடி ஒளியச் செல்வமும் செல்வாக்கும் உடையவர்களே முதலில் ஜாமீன் பெறுகிறார்கள். குடிசையும் குடும்பமும் உள்ள தொழிலாளி எங்கே ஓடுவான்?

தமிழ்நாட்டுச் சிறைகள் மொத்தத்தில் கொள்ளளவை மீறவில்லை என்று நமது அதிகாரிகள் பெருமை கொள்ளலாம். இங்கும் கைதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் விசாரணைக் கைதிகளே. குண்டர் சட்டத்தின் கீழ் விசாரணையே இன்றி ஒரு வருஷம் வரை அடைக்கப்படுவோர் கதை வேறு. அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க இயலாதவரின் நிபந்தனையைக் கோர்ட்டே தளர்த்துவது பற்றி ஆலோசிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜனவரி 31-ல் வழிகாட்டியது. அவ்வாறு ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பேருக்குத் தளர்த்தப்பட்டது, 479-வது பிரிவின்படி எத்தனை சூப்பரிண்டெண்டுகள் கோர்ட்டுக்கு எழுதினார்கள் என்பதை ராஜ்ய சர்க்கார் மாதந்தோறும் ஜனங்களுக்கு வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு வெளிவரும்வரை புதிய சிறைக் கட்டடங்களுக்குச் சட்டசபை ஒரு காசும் அநுமதிக்கலாகாது.