முழங்கால் சொன்ன புத்தி

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சகோதரி என்னை வழிமறித்துக் கேட்டார்: "நீங்கள் தினம் விடியற்காலையில் ஓடுகிறீர்களாமே? முட்டி தேய்ந்து போய்விடாதா?" நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டு போய்விட்டார்! அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதில். நடுவில் என்னுடைய அசட்டுத்தனங்களும் வரும். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் முழுக்கப் படித்துவிடுங்கள், என்ன?

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் எங்கள் வீடு. அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் வலி ஆரம்பித்தது. "நடக்காதே, மாடி ஏறாதே, உட்கார்ந்தே இரு" என்று உறவு முழுவதும் உபதேசம் செய்தது. அம்மாவும் கேட்டுக்கொண்டாள். முதலில் அம்மா மண்டபத்துக்கு ஸ்நானம் செய்யப் போவது நின்றது. பிறகு கோயிலுக்குப் போவது நின்றது. அப்புறம் பன்னிரண்டு வருஷம் திண்ணையில் ஒரு நாற்காலிதான் அவளுக்கு உலகம். சித்திரைத் தேர் எங்கள் வீதிக்கு வரும் ஒரு நாள்தான் பெருமாள் சேவை. கோயிலோ கூப்பிடு தூரத்தில்! கடைசி நாட்களில் அவளுக்குக் கால் பிடித்துவிடும்போது பார்த்தேன்: தொடை என் முன்கை அளவுக்கு இளைத்திருந்தது.

எனக்கு நாற்பத்தைந்து வயதானபோது, மாடிப்படி இறங்கையில் என் இடது முழங்கால் சுரீரென்றது. அம்மாவின் நாற்காலி அப்போதும் திண்ணையில்தான் இருந்தது. அதைப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. அந்த வாரமே ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். நடை மெல்ல ஓட்டமாயிற்று.

ஓட்டம் என்றால் என்ன ஓட்டம்! எதிர்வீட்டு மாமி கோலத்தை நிறுத்திவிட்டு, "ஏண்டிம்மா, யாராவது துரத்தறாளா?" என்று கேட்டாள். ஆனாலும் மூன்றாவது மாதத்தில் அடையவளைஞ்சான் வீதியை நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தலைகால் புரியவில்லை. மறுவாரமே இரண்டு சுற்று, அதற்கடுத்த வாரம் மூன்று. நாலாவது வாரம் முழங்கால் சிப்பிக்குப் பின்னால் யாரோ ஊசியால் குத்துவது போல் வலி. நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஒரு மாதம் ஓய்வெடுத்தேன். வலி போயே போய்விட்டது. "சரி, குணமாகிவிட்டது" என்று பழையபடி ஓடினேன். அது போதாதென்று, ஊரிலிருந்து வந்த தங்கையோடு பந்தயம் கட்டி, மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையார் சந்நிதி வரை விடுவிடென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கினேன். பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "தேய்மானம் ஒன்றும் இல்லை. பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்" என்று அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னை ஒற்றைக் காலில் நின்று அரையளவு குனியச் சொன்னாள். முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. "மாமி, குற்றம் முட்டியில் இல்லை. தொடையும் இடுப்பும் வேலை செய்யாமல் முட்டியின் தலையில் பாரத்தைப் போடுகின்றன" என்றாள். நம் வீடுகளில் நடப்பதுதானே! நாலு பேர் சும்மா இருந்தால் ஐந்தாவது ஆளுக்கு முதுகு ஒடிகிறது.

அவள் சொன்ன விவரத்தை உங்களுக்கும் சொல்கிறேன். முழங்கால் சிப்பி, தொடை எலும்பின் முனையில் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழுமாக வழுக்கிச் செல்கிறது. சமதரையில் நடக்கும்போது அதன்மேல் விழும் அழுத்தம் கொஞ்சம்தான். மாடிப்படியில் அது உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகிறது. குந்தி உட்கார்ந்தால் இன்னும் பல மடங்கு. தொடைத் தசையும் இடுப்புத் தசையும் பலமாக இருந்தால் அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளும். பலமில்லாதபோது ஓட்டத்தைத் திடீரென்று கூட்டினால் சிப்பியைச் சுற்றி வலி வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த வலி அதிகம். ஓய்வெடுத்தால் வலி அடங்கும். ஆனால் ஓய்வில் தசை இன்னும் இளைக்கும். அதனால் திரும்ப ஓடியதும் வலியும் திரும்ப வரும். என் கதையும் அதுதான். யோசித்துப் பார்த்தால் அம்மாவின் கதையிலும் பாதி அதுவே. அவளை வலி உட்கார வைத்தது. உட்கார்ந்ததே அவளை முடக்கிவிட்டது. இது தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு அந்தப் பெண், "எந்தப் பாதையில் ஓடுகிறீர்கள்?" என்று கேட்டாள். சொன்னேன். "எப்போதும் ஒரே திசையிலா?" "கோயிலைச் சுற்றி வேறு எப்படி ஓடுவதாம்? பிரதட்சணம்தான்!" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். மழைத் தண்ணீர் வடிவதற்காக வீதிகள் ஓரத்தில் சரிவாக இருக்கின்றன அல்லவா? ஒரே திசையில் வீதியின் இடது ஓரமாகவே ஓடினால் இடது கால் எப்போதும் பள்ளத்தில், வலது கால் மேட்டில். "ஒருநாள் விட்டு ஒருநாள் எதிர்த்திசையில் ஓடுங்கள்" என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். என் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "அப்பிரதட்சணமா? அடுக்குமா?" சமாதானமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். கோயில் வீதிகளில் நடை மட்டும். ஓட்டத்துக்கு அம்மா மண்டபம் சாலை, காவிரிப் பாலம், கொள்ளிடக் கரை. காவிரிப் பாலத்தில் விடியற்காலையில் எதிரே மலைக்கோட்டை மங்கலாகத் தெரிய, காற்று முகத்தில் அடிக்க ஓடிப் பாருங்கள். எந்தப் பெருமாளும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தேன். ஊரில் ஓர் ஓட்டப் பந்தயம் அறிவித்தார்கள். அரை மராத்தான், அதாவது 21 கிலோமீட்டரும் சொச்சமும். பேர் கொடுத்தேன். மார்பில் குத்திக்கொள்ளும் எண் சீட்டைப் பூஜை அலமாரியில் வைத்தேன். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஆசை அறிவை மிஞ்சியது. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு ஓடினேன். பயிற்சிகளுக்கு நேரமில்லை என்று விட்டேன். மூன்றாவது முறையாக அதே இடது முட்டி, அதே ஊசிக் குத்து.

அப்போதுதான் என் கணவர் எங்கேயோ படித்ததைச் சொல்லி உசுப்பிவிட்டார். "ஜோன் பெனாயிட் என்று ஓர் அமெரிக்கப் பெண்ணாம். முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு பதினேழாம் நாள் மராத்தான் ஓடி ஜெயித்தாளாம். உனக்கு என்ன?"

அந்தக் கதை உண்மைதான். முன்கதையிலிருந்து சொன்னால்தான் அதன் அருமை தெரியும். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்ததும் சிலர் களைத்துச் சாய்ந்தார்கள். உடனே, பெண் உடம்புக்கு இது ஆகாது என்று பத்திரிகைகள் கூச்சல் போட்டன. அதற்குப் பிறகு 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே வைக்கவில்லை! பெண்கள் மராத்தான் வந்தது 1984-ல், லாஸ் ஏஞ்சல்ஸில். நம் பி. டி. உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டாரே, அதே ஒலிம்பிக்தான்.

அந்த வருஷம் மார்ச்சில் நீண்ட தூரம் ஓடிக்கொண்டிருந்த பெனாயிட்டுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஊசி போட்டார்கள். ஓய்வெடுத்தார். வலி மறுபடி வந்தது. ஏப்ரல் 25-ந் தேதி, சிறு துளை வழியே செய்யும் அறுவை சிகிச்சையில் உள்ளே உறுத்திக்கொண்டிருந்த சவ்வுத் திசுவை அகற்றினார்கள். மே 12-ந் தேதி அமெரிக்கத் தேர்வுப் பந்தயத்தில் அவர் முதலாவதாக வந்தார். ஆகஸ்டு 5-ந் தேதி ஒலிம்பிக்கில், ஐந்தாவது கிலோமீட்டர் வாக்கிலேயே கூட்டத்தை விட்டுத் தனியே முன்னேறி, 42.195 கிலோமீட்டரை 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், திருச்சியில் புறப்பட்டு ஏறக்குறைய வல்லத்தை எட்டும் தூரம்!

இந்தக் கதையைச் சொல்லி, "நானும் ஓடட்டுமா?" என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "மாமி, அவருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்து அதை எடுத்தே விட்டார்கள். உங்கள் கோளாறு இன்னும் அப்படியே இருக்கிறது. அவரும் அவசரப்பட்டுத் திரும்ப ஓடியதில் தொடையின் பின்தசை பிசகி அவஸ்தைப்பட்டார் என்பதை உங்களவர் சொல்லவில்லையா? அவருக்கு ஒலிம்பிக் நாலு வருஷத்துக்கு ஒரு முறை. உங்கள் பந்தயம் அடுத்த வருஷமும் வரும். முட்டி வேண்டுமா, மெடல் வேண்டுமா?"

பந்தயத்தன்று நான் ஓடவில்லை. தண்ணீர் மேஜையில் நின்று டம்ளர் நீட்டினேன். எண் சீட்டைக் கைப்பையில் மடித்து வைத்திருந்தேன். எனக்கு மூத்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே ஓடிப் போனார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு முதல் பயிற்சியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

அந்தப் பயிற்சிகள் இவைதான். ஓடாதவர்களும் செய்யலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் மெல்ல எழுந்து, மெல்ல உட்காருவது பத்து முறை. ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராக உயர்த்தி இறக்குவது பத்து முறை. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துக்கொண்டு இடுப்பைத் தூக்கி இறக்குவது பத்து முறை. உயரம் குறைந்த வாசற்படியிலிருந்து ஒரு காலால் மெதுவாக இறங்கி ஏறுவது பத்து முறை; முட்டி உள்ளே சாயக் கூடாது. இவ்வளவையும் மும்மூன்று தடவை, வாரத்தில் மூன்று நாள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும், பொறுமை வேண்டும். வலி அடங்கும் வரை குந்தி உட்கார்ந்து கோலம் போடாமல் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து போடுங்கள். கோலம் ஒன்றும் கோணிவிடாது.

ஓடுகிறவர்களுக்கு இன்னும் நாலு வார்த்தை. ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று தொடங்குங்கள். எட்டி எட்டி அடி வைக்காமல், குட்டை அடியாக அடிக்கடி வையுங்கள். முட்டியில் விழும் பாரம் குறையும். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் பயமில்லை, மிஞ்சினால் குறைத்துக்கொள்ளுங்கள். முட்டி வீங்கினாலோ, மடங்கியபடி மாட்டிக்கொண்டாலோ, காலை ஊன்ற முடியாமல் போனாலோ கைவைத்தியம் வேண்டாம். நேரே டாக்டரிடம் போங்கள்.

சரி, முட்டி தேயுமா தேயாதா? 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சித் தொகுப்பில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள் 100-க்கு 3.5 பேர். ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2 பேர். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 பேர். அளவாக ஓடுகிறவளைவிட ஓடாமல் உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் அபாயம் அதிகம் போலிருக்கிறது!

அடுத்த வருஷம் அதே பந்தயத்தில் ஓடினேன். மூன்று மணிக்கு இரண்டே நிமிஷம் பாக்கி. என் பின்னால் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முட்டிக்கு இரண்டு மார்க்தான் போட்டேன். அன்று சாயங்காலம் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போனேன். அம்மாவுக்கும் சேர்த்துச் சேவித்துவிட்டு வந்தேன். அவளுடைய நாற்காலி இப்போது கூடத்துக்கு வந்துவிட்டது. அதில் யாரும் சாய்ந்து உட்காருவதில்லை. மாமியாரும் நானும் எதிரும் புதிருமாக நின்று, முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்கிறோம். அவருக்கு எழுபத்தாறு வயது. இப்போது எட்டு முறை எழுந்திருக்கிறார்.

பஸ் ஏறிப் போன சகோதரியே, இதுதான் என் பதில். அடுத்த முறை பஸ் நகர்ந்துகொண்டிருந்தால் ஏறாதீர்கள். அடுத்த பஸ் வரும் வரை என்னோடு கொஞ்சம் நடந்துகொண்டே பேசுங்கள்!