தீர்ப்பு யாருக்கு?

இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கட பாவத்துக்குத்தானோ கடவுள் எங்களைக் காணி பூமியை விட்டு எழுப்பினவர்?" என்பதே அது. சிலர் இதைக் கேள்வியாகக் கேட்பதில்லை, முடிவாகவே சொல்லிவிடுகிறார்கள். கடவுளின் தீர்ப்பைப் பற்றி அதிகம் பேசியவர்கள் எபிரேய இறைவாக்கினர்கள். அவர்கள் யார் மேல் வழக்கு வைத்தார்கள் என்று முதலில் பார்ப்போம்.

ஆமோஸ் எருசலேமுக்குத் தெற்கேயுள்ள தெக்கோவா ஊரவர். மந்தை வளர்த்தவர், காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரோபெயாம் ஆண்ட வட இஸ்ரயேலுக்குப் போய் இறைவாக்குரைத்தார். அன்று அந்நாடு செழிப்பாக இருந்தது. தந்தம் பதித்த கட்டில்களிற் சாய்ந்திருந்தோரை அவர் கண்டித்தார். 1930களில் சமாரியாவில் நடந்த அகழாய்வில் செதுக்கப்பட்ட தந்தத் துண்டுகள் பல வெளிப்பட்டன.

அந்தச் செழிப்பு யாருடைய உழைப்பு? ஏழை உழவனிடம் தானியத்தை வரியாகப் பிடுங்கினார்கள். விற்கும்போது மரக்காலைச் சிறிதாக்கினார்கள், எடைக்கல்லைப் பெரிதாக்கினார்கள், கோதுமையோடு பதரையும் சேர்த்து விற்றார்கள். ஊர்வாசலில் வழக்குக் கேட்டவர்கள் கைக்கூலி வாங்கினார்கள். சிறுகடனுக்காக மனிதரையே விற்றார்கள். ஆமோஸ் சொன்ன தீர்ப்பு இவர்களுக்கானது. அதனாலேதான் பெத்தேல் ஆலயத்தின் குரு அமட்சியா அவரை நாட்டை விட்டுப் போகச் சொன்னான்.

கி.மு. 722 அளவில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. அப்போது குற்றம் செய்தவர்களோடு செய்யாதவர்களும் அகப்பட்டார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அழிவில் அகப்பட்டவர் எல்லோரும் குற்றவாளிகள் என்று ஆகிவிடாது. கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுள் ஒருவரான எசேக்கியேல் இதைத் தெளிவாகச் சொன்னார். பெற்றோர் தின்ற புளித்த காய்க்குப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற பழமொழி அன்று மக்கள் வாயில் இருந்தது. இனி அதைச் சொல்ல வேண்டாம், அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு என்றார் அவர். தம்மோடிருந்தவர்களின் தவறுகளையும் அவர் கண்டித்தார். ஆனால் ஊரை இழந்ததையே ஒருவருடைய குற்றத்துக்குச் சாட்சியாக்க அவர் இடம் கொடுக்கவில்லை.

அக்காலத்தில் எருசலேமில் எஞ்சியிருந்தவர்கள், போனவர்கள் கடவுளுக்குத் தூரமாகிவிட்டார்கள், காணி இனி எங்களுக்கே என்று பேசினார்கள். எசேக்கியேல் இந்தப் பேச்சை ஏற்கவில்லை. சிதறிய இடங்களிலும் கடவுள் அவர்களோடு இருக்கிறார், நாடு அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்றார். இடம்பெயர்ந்தவனின் பாவத்தைப் பற்றிப் பேசுகிறவர்களின் கண் சில வேளை அவனுடைய காணியில் இருக்கிறது என்பது அன்றே தெரிந்த விடயம்.

எரேமியா செய்ததையும் நாம் நினைக்க வேண்டும். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. அவர் காவலில் இருந்தார். அந்த நேரத்தில் தம் உறவினனிடமிருந்து ஆனத்தோத்து ஊரிலிருந்த வயலை 17 செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்கினார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதி, முத்திரையிட்டதையும் திறந்த பிரதியையும் மண்பானையிற் பத்திரப்படுத்தச் சொன்னார். அழிவு வரும் என்று எச்சரித்தவரே உறுதியையும் காப்பாற்றினார். தீர்ப்போடு கதை முடிவதில்லை என்பதே அதன் பொருள்.

திரும்பிப் போகும் நாளுக்கும் இறைவாக்கு உண்டு. எசேக்கியேல் கண்ட புதிய நாட்டில் அதிபதி மக்களின் உரிமைக் காணியை எடுக்க முடியாது. அவர்கள் நடுவே வாழும் அந்நியருக்கும் காணியிற் பங்கு உண்டு. ஆனால் நடந்தது வேறு. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களே பிற்பாடு தம் சகோதரரின் வயல்களை ஈடு பிடித்தார்கள். கி.மு. 445 அளவில் ஆளுநர் நெகேமியா அவர்களைக் கூட்டிவைத்து, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்ய வேண்டியிருந்தது.

ஆகவே நம் கருத்து இது. காணி இழந்தவர்கள் தம்மையே குற்றவாளியாக்கித் தலை குனிய வேண்டியதில்லை. உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தொலைந்திருந்தால் காணியின் எல்லையையும் அயலவர் பெயரையும் எழுதி, தெரிந்தவர்களிடம் சாட்சிக் கையொப்பம் வாங்கி வையுங்கள். உரிமையைக் கேட்பது விசுவாசக் குறைவு அல்ல, எரேமியாவின் வழி அது. அதே வேளை விதவையின் துண்டுக் காணியையும், குத்தகைக்குச் செய்தவரின் பங்கையும், காணியே இல்லாத கூலிக் குடும்பத்தையும் நாம் மறந்தால், ஆமோஸ் வைத்த வழக்கு நம் மேலும் திரும்பும்.