மூச்சிரைப்பும் சிறுதுளிக் குருதியும்

பழவேற்காட்டு ஏரியில் பாட்டு முறைப்படி வலை கட்டும் பரதவர் ஒருவர், 55 அகவையினர், கழி ஊன்றித் தோணி தள்ளுங்கால் நான்கு தள்ளுக்கே மூச்சிரைத்து நின்றுவிடுகின்றார் என்று கொள்க. இரவில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகின்றது. எழுந்து உட்கார்ந்தால் தணிகின்றது. மாலையில் கணுக்கால் வீங்குகின்றது. அக்கம்பக்கத்தார் இதனை இளைப்பு என்பர், பனிக்காற்று என்பர், உப்புநீரிலேயே நின்ற கால் வீங்காமல் என்செய்யும் என்பர். வலை கட்டும் இடமும் நாளும் முறைவைத்துப் பங்கிடப்படும் அக்குப்பங்களில், தம் முறைநாளில் நீரில் இறங்காதவர் வீட்டில் அன்று வலையுமில்லை, உலையுமில்லை. ஆகவே அவர் இளைப்பு மருந்தை விழுங்கிவிட்டுத் தோணி ஏறுகின்றார். நோய் நுரையீரலில் இருந்தால் அது தணியக்கூடும். நெஞ்சாங்குலையில் இருந்தால்?

இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் குருதியாய்வு ஒன்று உண்டு என்று அவருக்குச் சொல்வார் யார்?

நெஞ்சாங்குலை குருதியை இறைப்பது மட்டும் அன்று. தன் நிலையைக் குருதியிலேயே எழுதியும் வைக்கின்றது. 1981இல் கனடாவில் அடோல்போ தெ போல்டும் அவர்தம் குழுவினரும், எலியின் நெஞ்சாங்குலை மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்த, அவை உப்பையும் நீரையும் மிகுதியாக வெளியேற்றின. 1988இல் சப்பானிய அறிவியலார் அதே இனத்துப் பொருள் ஒன்றைப் பன்றியின் மூளையில் கண்டு, மூளையின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டனர். அது பெரிதும் ஊறுவதோ நெஞ்சாங்குலையின் கீழறைகளில்! ஆயினும் பெயர் மாறவில்லை, பி.என்.பி. என்றே வழங்குகின்றது. கீழறைச் சுவர் சுமை தாங்காமல் விரிய விரிய, இப்பொருள் குருதியில் மிகும். 'உப்பை வெளியேற்று, நீரை வெளியேற்று' என்று தளர்ந்த நெஞ்சாங்குலை சிறுநீரகத்திற்கு விடுக்கும் ஓலை அது. அவ்வோலையைப் படிப்பதே இவ்வாய்வு.

மூச்சிரைப்போடு நெருக்கடிப் பிரிவுக்கு வந்த 1586 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு மில்லிலிட்டர் குருதியில் 100 பிகோகிராம் என்று எல்லை வகுத்தபோது, நூற்றுக்கு 83 பேரளவில் கணிப்புச் சரியாயிற்று. (பிகோகிராம் என்பது ஒரு கிராமில் இலக்கங் கோடியில் ஒரு பங்கு.) சிறு கருவியால் 15 மணித்துளிகளில் விடை கிடைக்கும். சிறுநீரகக் கோளாறும் முதுமையும் அளவை ஏற்றிக் காட்டும். பருத்த உடல் குறைத்துக் காட்டும். ஆதலின், அளவு மிகுந்தவர்க்கு எதிரொலிப் படமும் எடுத்தல் வேண்டும்.

இந்நோயைச் சிறிதென எண்ணற்க. 2013இல் திருவனந்தபுரம் மாவட்டத்து மருத்துவமனைகளில் நெஞ்சாங்குலைத் தளர்ச்சியோடு சேர்க்கப்பட்ட 1205 பேரைப் பதிவுசெய்து தொடர்ந்து பார்த்தனர். சராசரி அகவை 61. ஓராண்டிற்குள் பதின்மரில் மூவர் மாண்டனர்.

தமிழக அரசு 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொணர்ந்தது (நெஞ்சாங்குலை என்று சொல்ல வாய் வரவில்லை போலும்). நெஞ்சுவலியோடு வருவார்க்குத் தொடக்க நலவாழ்வு நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு விடுப்பது நல்ல ஏற்பாடே. ஆனால் அது திடீர் அடைப்புக்கு உரியது. மெல்ல மெல்லத் தளரும் நெஞ்சாங்குலைக்கு அம்மாத்திரைகள் விடையாகா. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துப் பணியாளர்கள், குருதியழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்தம் வீட்டு வாயிலுக்கே செல்கின்றனர். நெஞ்சாங்குலையைத் தளர்த்தும் தலையாய கரணியங்களுள் அவ்விரண்டும் அடங்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா என்று அவர்கள் மேலும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஆம் என்பாரைப் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு விடுத்து, ஆங்கே இவ்வாய்வைக் கட்டணமின்றிச் செய்க. கோட்டைக்குப்பத்தாரும் நடுக்குப்பத்தாரும் ஒரு துளிக் குருதி கொடுக்க, ஏறத்தாழ 60 கி.மீ. கடந்து சென்னைக்கு ஏன் செல்ல வேண்டும்?

மற்றொன்று. ஆய்வுத்தாள் ஆங்கிலத்தில் இருப்பின், அதனை மடித்துக் கூரையில் செருகி வைப்பதன்றி அவர் என்செய்வார்? எண்ணுக்குக் கீழே, 'உங்கள் நெஞ்சாங்குலை தளர்ந்துள்ளது. கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்' என்று தமிழில் மூன்று வரி அச்சிட்டுக் கொடுக்கட்டும்.